கும்பெனி அறிக்கை முதல் நள்ளிரவு பிரேக்கிங் வரை

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிக்குப் பக்கத்தில் விஜயநாராயணம் என்ற ஊரில் இந்தியக் கடற்படையின் தகவல் தொடர்பு நிலையம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. 1990 அக்டோபர் 20 அன்று அதைத் தொடங்கியபோது வைத்த பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். இந்தப் பெயருக்கு உரியவரைக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கோப்புகள் கலகக்காரர் என்று குறித்தன. அவருடைய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். கட்டபொம்மன் பெயரையோ சுதந்திர இந்தியா ஒரு மாவட்டத்துக்கே சூட்டியது. 1986-இல் தூத்துக்குடி தனியே பிரிந்த பிறகு எஞ்சிய பகுதி ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ ஆனது. 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று.

போர்க்காலச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விக்கு விடை தேட, தாமிரபரணிக் கரையிலிருந்து தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரே மனிதர் ஒரு கோப்பில் கொள்ளையராகவும் இன்னொரு கோப்பில் வீரராகவும் இருந்த ஊர் இது. எந்தத் தரப்பு பொய் சொன்னது என்று தேடுவதைவிட, எந்தத் தரப்பு எப்போது தனக்குப் பாதகமான ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது என்று தேடினால் பயன் அதிகம். பாளையக்காரர் போர் முதல் 2025 மே மாத வான்தாக்குதல்கள் வரை, ஓரளவு நம்பத்தக்க தகவல் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

மூவர் குழு சொன்னது

1798-இல் திருநெல்வேலிப் பாளையங்களுக்குக் கலெக்டராக இருந்தவர் காலின் ஜாக்சன். கட்டபொம்மன் கட்ட வேண்டிய கிஸ்தி 3,310 பகோடா நிலுவை என்பது அவர் கணக்கு. பேட்டிக்கு வரச் சொல்லி உத்தரவிட்டார். குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகப் பாளையக்காரரை அலைய வைத்தார். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. அங்கே மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கலெக்டரின் பார்வையில் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை: பாளையக்காரர்தான்.

கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். கும்பெனி நிர்வாகம் மூவர் குழுவை அமைத்தது. 1798 டிசம்பரில் கட்டபொம்மன் அதன் முன் ஆஜரானார். பெரும்பகுதி நிலுவையை அவர் ஏற்கெனவே கட்டியிருந்ததும், பாக்கி 1,080 பகோடா மட்டுமே என்பதும் விசாரணையில் தெரிந்தன. கிளார்க் மரணத்துக்கு அவர் பொறுப்பல்ல என்று குழு முடிவு செய்தது. தானாபதிப் பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தார்; அவர் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார்.

இது நெல்லைச் சீமையின் வரலாற்றில் அபூர்வமான ஆவணம். ஆதிக்கத்தில் இருந்த தரப்பே தன் அதிகாரியின் கதையைத் திருத்தியது. ஆனால் 1959-இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்குப் பிறகு, ஜாக்சன் துரை என்றதும் தமிழ்நாட்டு மக்களின் நினைவுக்கு வருவது சிவாஜி கணேசனின் முழக்கம் மட்டும்தான். துரையின் அறிக்கை தவறு என்று துரைகளே எழுதி வைத்த செய்தி பள்ளிப் பாடத்தின் ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. கட்டபொம்மனுக்குச் சாதகமான மிக வலுவான சான்று எதிரியின் அலுவலகத்தில் கிடைத்ததால்தானோ என்னவோ, அது மேடைகளில் எடுபடவில்லை.

அந்தத் தீர்ப்பு அவர் உயிரைக் காப்பாற்றவும் இல்லை. காரணம் வடக்கே நடந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். கும்பெனிப் படைகளுக்குக் கை ஒழிந்தது. அதே மே மாதத்தில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரெஞ்சுக்காரர்களைக் காரணம் காட்டிக் கல்கத்தாப் பத்திரிகைகளுக்கு முன்தணிக்கையைக் கொண்டுவந்தார். அரசுச் செயலர் பார்த்து ஒப்புதல் தராமல் எதுவும் அச்சேறக் கூடாது. அதே கோடையில் தென்பாளையங்களை அடக்கும் ஏற்பாடுகளும் தொடங்கின. செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். தானாபதிப் பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்த கட்டபொம்மன், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்திய கூட்டத்தின் முன் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கூட்டமே ஓர் அறிவிப்புதான். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

பத்து மாதத்துக்கு முன் அவரைக் குற்றமற்றவர் என்று சொன்ன குழுவின் முடிவு நெல்லைச் சீமையில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அன்று இந்தப் பக்கத்தில் தமிழ்ப் பத்திரிகை கிடையாது. சென்னையில் 1785 முதல் வெளிவந்த ‘மெட்ராஸ் கூரியர்’ ஆங்கிலம் படிப்பவர்களுக்கான தாள். விசாரணை முடிவு கும்பெனி அலுவலகங்களுக்குள்ளேயே சுற்றியது. கோப்பில் உண்மை இருந்தது. ஊருக்கு அது போகவில்லை. போருக்குத் தடையாக இருக்கக்கூடிய ஓர் உண்மை மக்களிடம் போகாமலிருந்தால் ஆட்சியாளருக்கு அது வசதி. இருநூறு ஆண்டு கழித்தும் இந்த வசதியை எந்த அரசும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

சுவரொட்டியும் அம்மை நோயும்

கும்பெனியின் எதிரணிக்கும் செய்தியின் வலிமை தெரிந்திருந்தது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்தது. ஜூன் 16 அன்று சிவகங்கைச் சீமையின் சின்ன மருது விடுத்த அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் மதத்தாரையும் கும்பெனிக்கு எதிராக எழச் சொன்ன அந்த அறிக்கை, அதைக் கிழிப்பவர்களுக்குப் பெரும் பாவம் சேரும் என்ற எச்சரிக்கையையும் சுமந்திருந்தது. ஒரு சுவரொட்டியைக் காப்பாற்ற அதைவிட நல்ல உபாயம் இல்லை. ஜூலையில் கும்பெனியும் தன் அறிவிப்பை வெளியிட்டது. வாள்களோடு சேர்ந்து காகிதங்களும் மோதிக்கொண்ட போர் அது.

அந்தப் போரில் பங்கெடுத்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி, 1830-இல் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார். 1801 மார்ச் 31 அன்று கோட்டையைப் பிடிக்கப் போய்ப் பெரும் இழப்போடு பின்வாங்கியதை அவர் ஒளிக்கவில்லை. பேசமுடியாத ஊமைத்துரையைத் தான் கண்ட மனிதர்களில் மிக அசாதாரணமானவர் என்கிறார். கோட்டை மே 24 அன்று வீழ்ந்த பின் நடந்ததாக அவர் எழுதியிருக்கும் ஒரு சம்பவம் இன்றைக்கும் யோசிக்க வைக்கும். பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் பிரியும் நிலையில் இருந்த அவன் சொற்படி, காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள். கும்பெனியோடு நின்ற எட்டயபுரத்து வீரர்கள் தேடி வந்தபோது, அங்கிருந்தவர்கள் அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் பயந்து ஓடினார்கள்.

பொய்ச் செய்திதான். உயிர் காத்த பொய். போர்க்களத்தில் சிக்கிய எளிய மக்கள் சொல்லும் பொய்க்கும், போரை நடத்துகிறவர்கள் சொல்லும் பொய்க்கும் இந்த வித்தியாசம் உண்டு. அதை மறந்துவிட்டு எல்லோரும்தான் பொய் சொல்கிறார்கள் என்று முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம்.

வெல்ஷை ஏன் நம்பலாம்? எதிரியைப் புகழ்வதால் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. தன் படையின் தோல்வியை எழுதுவதால் பெருமையும் இல்லை. அதே வெல்ஷ் தன் படையின் நியாயம் பற்றிப் பேசும் இடங்களில் வாசகர் சற்று விலகி நின்று படிக்க வேண்டும். ஒரே புத்தகத்துக்குள்ளேயே இந்தப் பிரிப்பைச் செய்யலாம். இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றையும் இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் கையில் இருந்த ஆதாரங்களில் பெரும்பகுதி வென்றவர்களின் கடிதங்கள்.

நம் பக்கத்துக் கதைகள்

எதிரியின் பிரச்சாரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தன் தரப்புக் கதையைத் தட்டிப் பார்ப்பதுதான் கடினம். ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த நெற்களஞ்சியம் சூறையாடப்பட்டதை, கட்டபொம்மன் வரலாற்றை எழுதிய பலரும் குறிப்பிடுகிறார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த நெல் அது. அதை விடுதலைப் போரின் தொடக்கம் என்பவரும் உண்டு, கொள்ளை என்பவரும் உண்டு. ம.பொ.சி. கட்டபொம்மனை விடுதலை வீரராக நிறுவினார். தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். இரண்டு பக்கத்தாரும் கும்பெனி ஆவணங்களைப் புரட்டினார்கள். தங்களுக்கு வேண்டியது கிடைத்தது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை வேறு வழியில் போனார். மக்கள் வாயில் இருந்த கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதை வெளியிட்டது. கோப்பில் இல்லாத குரல் அதில் இருக்கிறது. பாட்டுக்கே உரிய மிகையும் இருக்கிறது.

எட்டயபுரத்தின் கதை இன்னும் சிக்கலானது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை. ஆனால் துரோகி என்றதும் தமிழர் நாக்கில் வருவது எட்டயபுரத்து அரசரின் பெயர். எட்டயபுரம் கும்பெனியோடு நின்றது, போருக்குப் பின் பலனும் அடைந்தது என்பது உண்மை. பழி முழுக்க ஒரே தலையில் இறங்கியது மேடையும் திரையும் செய்த வேலை. எட்டயபுரம் சமஸ்தானமோ 1879-இல் ‘வம்சமணி தீபிகை’ என்ற தன் வரலாற்றை எழுதுவித்து வைத்துக்கொண்டது. அதைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குக் கடிதம் எழுதியவர், அந்த ஊரில் பிறந்த பாரதி.

எம்டன் கதையும் இந்த வகைதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசியது வரலாறு. அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது தென் மாவட்டங்களில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. அவர் அப்போது ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. அவருடைய உண்மையான தியாகத்துக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. இருந்தும் அது நிற்கிறது, கேட்கச் சுகமாக இருப்பதால்.

சுகமான பொய்க்கும் ஒரு நாள் விலை கொடுக்க நேரும். முதல் உலகப் போரின்போது, 1917-இல், ஜெர்மானியர் தங்கள் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கும் ஆலை நடத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஆதாரம் இல்லை என்பதை 1925-இல் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லைன் நாடாளுமன்றத்திலேயே ஏற்றுக்கொண்டார். அடுத்த போரில் நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறார்கள் என்ற செய்தி கசிந்தபோது பலர் நம்பவில்லை. பழைய கதையைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள். இந்த முறை செய்தி உண்மை.

முள்ளிவாய்க்கால்: இரு பக்கத்துக் கதவுகளும் மூடிய களம்

தமிழர்களுக்கு இந்தப் பாடம் 2009-இல் கிடைத்தது. போர் உச்சத்தில் இருந்தபோது சுதந்திரமான பத்திரிகையாளர் எவரையும் இலங்கை அரசு வன்னிக்குள் விடவில்லை. ஐ.நா. ஊழியர்கள் 2008 செப்டம்பரிலேயே வெளியேற்றப்பட்டார்கள். ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் கொல்லப்பட்டார். போர்ப் பகுதியில் இருக்கும் பொதுமக்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொல்லிவந்தது. போர் முடிந்து முகாம்களில் எண்ணியபோது ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் இருந்தார்கள். பொதுமக்களுக்கு உயிரிழப்பே இல்லாத மனிதாபிமான நடவடிக்கை என்று அரசு வர்ணித்த போரில், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது.

அதே குழு இன்னொன்றையும் சொன்னது. மக்களை வெளியேற விடாமல் தடுத்ததும், தப்பியோடியவர்களைச் சுட்டதும், சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததும் விடுதலைப் புலிகள் மீதான குற்றச்சாட்டுகள். மக்கள் தாமாகவே தங்களோடு இருக்கிறார்கள் என்பது புலிகளின் பிரச்சாரம். தமிழ்நாட்டில் அறிக்கையின் முதல் பாதியை மேற்கோள் காட்டியவர்கள் இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை. கொழும்பில் முழு அறிக்கையையுமே நிராகரித்தார்கள்.

அந்தப் போரில் எண்ணிக்கை சொல்லும் நிலையில் இருந்தவர்கள் வன்னியில் வேலை பார்த்த அரசு மருத்துவர்கள். தொலைபேசி வழியே வெளியுலகத்துக்கு இறப்புக் கணக்கைச் சொன்னார்கள். மே மாதத்தில் கைதானார்கள். ஜூலையில், இன்னும் காவலில் இருக்கும்போதே, கொழும்பில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, புலிகளின் நெருக்கடியால் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். அவர்களில் ஒருவர் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு, அந்தப் பேட்டிதான் நெருக்கடியில் கொடுத்தது என்றார். இரண்டு வாக்குமூலங்களில் எதை நம்புவது? சொல்பவர் அப்போது யார் பிடியில் இருந்தார் என்ற கேள்வியைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு மே 13 அன்று வாக்களிக்க இருந்தது. ஏப்ரல் 27 காலை முதல்வர் கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் தொடங்கினார். அன்றே இலங்கை அரசு, கனரக ஆயுதங்களையும் வான்தாக்குதலையும் நிறுத்துவதாக அறிவித்தது. போர் நின்றுவிட்டது என்று உண்ணாவிரதம் முடிந்தது. இலங்கை அரசின் அறிக்கையில் போர்நிறுத்தம் என்ற பேச்சே இல்லை. குண்டுவீச்சு தொடர்ந்தது. கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று முதல்வர் விளக்கம் சொன்னார். ஓர் அறிக்கையை முழுதாகப் படித்துச் சொல்லியிருந்தால் வாசகர் ஏமாந்திருக்க மாட்டார்.

புலிகளின் தலைவர் பிரபாகரனின் மரணச் செய்தியையும் சேர்த்துப் பார்க்கலாம். 1989-இலேயே அவர் சக போராளியால் கொல்லப்பட்டதாக இந்தியப் பத்திரிகையில் செய்தி வந்து பொய்யானது. 2009 மே 18 அன்று ஆம்புலன்ஸில் தப்பும்போது சுடப்பட்டார் என்று சொல்லப்பட்டது. மறுநாள் நந்திக்கடல் ஓரத்தில் உடல் கிடைத்தது என்றார்கள். நலமாக இருக்கிறார் என்று அறிவித்த புலிகளின் வெளிநாட்டுப் பிரதிநிதி செல்வராசா பத்மநாதன், மே 24 அன்று மரணத்தை ஒப்புக்கொண்டார். பழ. நெடுமாறன் 2023 பிப்ரவரியிலும் தஞ்சாவூரில் அவர் உயிரோடு இருக்கிறார் என்றார். முதலில் வந்த இரண்டு முரண்பட்ட விவரங்களே பின்னால் வந்த நம்பிக்கைக்கும் வதந்திக்கும் எரு போட்டன. இவற்றில் எடை உள்ளது பத்மநாதனின் ஒப்புதல். அதைச் சொன்னதால் அவர் இயக்கத்துக்குக் கிடைத்தது இழப்பு மட்டுமே.

ஓர் இரவில் வீழ்ந்த கராச்சி

இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டிருந்த 2025 மே 8 இரவு விழித்திருந்த தொலைக்காட்சி நேயர்களுக்குப் பல அதிசயங்கள் காட்டப்பட்டன. இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தை அழித்துவிட்டது, பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது, இஸ்லாமாபாத் வீழ்கிறது. தேசிய அலைவரிசைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னதை வாட்ஸ்ஆப் குழுக்கள் பொழுது விடிவதற்குள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மே 11 அன்று டெல்லியில் முப்படை அதிகாரிகளின் செய்தியாளர் சந்திப்பு நடந்தது. கராச்சி உட்பட இலக்குகளைத் தாக்கத் தயார் நிலையில் கடற்படை நின்றது என்றார் வைஸ் அட்மிரல் ஏ.என். பிரமோத். தயாராக நின்றது என்றால் தாக்கவில்லை என்றுதான் பொருள். மூன்று நாளுக்கு முன் அழிந்த துறைமுகம் அப்படியே இருந்தது.

இதைவிடக் கொடுமை பூஞ்சில் நடந்தது. பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுக்குப் பலியான உள்ளூர் மதரசா ஆசிரியர் ஒருவரைச் சில அலைவரிசைகள் கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று காட்டின. பூஞ்ச் காவல்துறையே அதை மறுக்க வேண்டியிருந்தது. எதிரி நாட்டுக் குண்டுக்கு இறந்த இந்தியக் குடிமகனுக்கு இந்தியத் தொலைக்காட்சி கொடுத்த மரியாதை அது.

பாகிஸ்தான் தரப்பு மட்டும் சளைத்ததா? வீடியோ கேம் காட்சிகள் வான்போர்க் காட்சிகளாக உலவின. இந்திய விமானங்களை வீழ்த்தியதற்கு ஆதாரம் எங்கே என்று சி.என்.என். கேட்டபோது, சமூக ஊடகங்களில் இருக்கிறதே என்றார் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப். ஓர் அணு ஆயுத நாட்டின் அமைச்சர் இப்படிப் பேசினார்.

விமான இழப்பு பற்றி இந்தியத் தரப்பிலிருந்து முதல் தெளிவான பேச்சு மே 31 அன்று வந்தது. முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊடகத்துக்கு அளித்த பேட்டியில், இழப்பு ஏற்பட்டதை ஒப்புக்கொண்டார், எண்ணிக்கையைச் சொல்லவில்லை, ஆறு விமானங்கள் என்ற பாகிஸ்தானின் கணக்கை மறுத்தார். இந்திய வாசகருக்கு இந்தச் செய்தி மூன்று வாரம் கழித்து, சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்தது. சண்டை நடந்த நாட்களில் ஆயிரக்கணக்கான எக்ஸ் தளக் கணக்குகளை முடக்க அரசு உத்தரவிட்டிருந்தது. ‘தி வயர்’ இணையதளமும் முடக்கப்பட்டது. கராச்சியை அழித்த அலைவரிசைகள் தடையின்றி ஓடின.

ராணுவ நகர்வுகளை நேரலையில் காட்டக் கூடாது என்ற அரசின் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது. மும்பைத் தாக்குதலின்போது நேரலை எப்படி மறுபக்கத்துக்கு உதவியது என்பது நாடறிந்த விஷயம். வீரர்களின் உயிரைக் காக்கும் மௌனத்தை எவரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது, மௌனத்தால் காலியான இடத்தைக் கற்பனை நிரப்பும்போது, அது தனக்குச் சாதகமாக இருப்பதால் அரசு கண்டுகொள்ளாமல் இருப்பதைத்தான்.

கூடங்குளத்தில் ஒரே நாளில் மாறிய அறிக்கை

போர் இல்லாத நாளிலும் இந்தப் பழக்கம் தொடர்கிறது என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தது. அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் அது பொய்த் தகவல் என்று மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்றது. அணு உலையை இயக்கும் கட்டமைப்பு அதிலிருந்து தனியாக இருப்பதால் பாதிப்பு இல்லை என்றும் விளக்கியது. அந்தத் தகவல் செப்டம்பர் 4 அன்றே அதிகாரிகளுக்கு வந்திருந்தது.

இரண்டாவது அறிக்கையை முதலிலேயே கொடுத்திருந்தால் இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் அதை நம்புவதற்கு ஆள் இருந்திருப்பார்கள். முதல் நாள் மறுப்பு, அடுத்த நாள் விளக்கத்தின் எடையையும் குறைத்துவிட்டது. போர் வந்தால் இதே மக்களிடம்தான் அரசு அறிவிப்புகளை நம்பச் சொல்லப்போகிறது. விஜயநாராயணமும் கூடங்குளமும் இருக்கும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆகவே மூன்று பேரிடம் மூன்று கோரிக்கைகள். அரசு, ராணுவ ரகசியம் எது, சங்கடமான உண்மை எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னதை மறைக்கலாம், பின்னதை முதலில் தானே சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பேட்டியில் சொல்ல முடிந்ததை நாடாளுமன்றத்தில் சொல்ல முடியாதா? பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும், பொய்யான செய்தியை எந்த இடத்தில் எந்த அளவில் வெளியிட்டார்களோ அதே இடத்தில் அதே அளவில் திருத்தம் வெளியிட வேண்டும். நள்ளிரவு முழுக்க ஓடிய பொய்க்கு மறுநாள் மாலை முப்பது விநாடி வருத்தம் பரிகாரம் ஆகாது. நேரில் பார்த்த செய்தியாளர் எவரும் இல்லை என்றால் அதையே முதல் வரியாக எழுதலாம். வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாசகருக்கான கோரிக்கை மிகவும் எளிது. போர்ச் செய்தி ஒன்று கைப்பேசிக்கு வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொன்னவர் அங்கே இருந்தாரா? அவர் யார் பிடியில் இருந்து பேசுகிறார்? இதைச் சொல்வதால் அவருக்கு லாபமா, நஷ்டமா? மூன்றுக்கும் விடை தெரியவில்லை என்றால் அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் ஓர் இரவு வைத்திருங்கள். அது உங்களுக்குப் பிடித்த செய்தியாக இருந்தால், இரண்டு இரவு.